மைனஸ் பத்தில் எந்தப் பனை பிழைக்கும்?

கன்று விற்கும் இடத்தில் தொட்டியில் செருகிய அட்டை 'மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும்' என்கிறது. தாங்கும் என்றால் என்ன? ஓலை ஒன்றும் கருகாது என்பதா, ஓலை அத்தனையும் போனாலும் குருத்து மிஞ்சும் என்பதா? ஒரு மணி நேரக் குளிருக்கா, மூன்று நாள் விடாத குளிருக்கா? காய்ந்த மண்ணிலா, மழையில் ஊறிய மண்ணிலா? வேர்பிடித்து ஐந்தாண்டு ஆன மரத்துக்கா, போன மாதம் நட்டதற்கா? இவற்றின் பதில் மாற மாற, ஒரே இனத்தின் எண் நாலைந்து டிகிரி ஏறி இறங்கும். அட்டையை நம்பி நட்டு ஏமாந்தவர்களில் பலர் நல்ல இனத்தைத்தான் வாங்கியிருப்பார்கள். எண்ணைப் படித்த விதத்தில்தான் கோளாறு.

பனை என்று இங்கே சொல்வது குடும்பம் முழுவதையும். தென்னை, கமுகு, ஈச்சை, கூந்தற்பனை, அழகுக்கு வளர்க்கும் விசிறிப்பனைகள் எல்லாம் இதில் அடக்கம். வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

குருத்து ஒன்று, தண்டு ஒன்று

மாமரத்தின் நுனி கருகினால் பக்கத்திலிருந்து கிளை வெடிக்கும். பனைக்கு அந்த வசதி இல்லை. ஒற்றைத் தண்டுப் பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. கொண்டையின் நடுவே, மட்டைகளின் அடி ஒன்றையொன்று இறுக்கிப் பொதிந்த இடத்தில் அது இருக்கிறது. அடுத்தடுத்து வரவேண்டிய ஓலைகள் சின்னஞ்சிறு வடிவில் அங்கேயே உருவாகி வரிசையில் நிற்கின்றன. அந்த முனை செத்தால் மரம் செத்தது. தூரிலிருந்து பக்கக்கன்று விடும் இனங்களுக்கு மட்டுமே இரண்டாவது வாய்ப்பு உண்டு.

தண்டின் பலவீனம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பட்டைக்கடியில் ஆண்டுதோறும் புதுத் திசு கட்டிக்கொள்ளும் வசதி பனைக்குக் கிடையாது. இளமையில் அமைந்த நீர்க்குழாய்க் கற்றைகளே கடைசிவரை. உறைபனியில் அவற்றில் ஒரு பங்கு கெட்டால் கெட்டதுதான், மாற்று வராது. குளிர் முடிந்து ஓலை பச்சையாகவே இருக்கும் மரம், மூன்று நான்கு மாதம் கழித்து முதல் கடும் வெயிலில் ஒரே வாரத்தில் தொங்கிவிடுவது இதனால்தான். குளிர்காலத்தில் மிச்சமிருந்த குழாய்கள் போதுமானதாக இருந்தன. வெயிலில் ஓலை கேட்கும் தண்ணீரைக் கொடுக்க அவற்றால் முடியவில்லை. அப்போது பூச்சியையோ உரத்தையோ குறை சொல்லி மருந்து தேடுவது வீண்வேலை.

ஓலைக்கு நேர்வது வேறு. வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் முதலில் செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளிகளில் பனிக்கட்டி கட்டும். அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் உலர்ந்து சுருங்குகிறது. தாங்கும் இனங்கள் இந்த வறட்சியைப் பொறுத்துக்கொள்கின்றன. தாங்காதவற்றின் செல்சவ்வு கிழிந்துவிடும். செல்லுக்குள்ளேயே பனி கட்டினால் எந்த இனமும் தப்பாது. சவ்வு கிழிந்த ஓலை மறுநாள் பார்க்க வெந்நீரில் முக்கிய கீரை போல கரும்பச்சையாக, நீர்கோத்துக் கிடக்கும். சில நாளில் பழுப்பாகும். நிறம் மாற ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால் குளிருக்கு மறுநாள் காலையில் போட்டுப் பார்க்கும் சேதக் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும்.

மெல்லக் குளிர்ந்து வரும் பருவத்தில் செல்களில் சர்க்கரை சேர்ந்து ஓரளவு பழகிக்கொள்ளும். இரண்டு வாரம் இதமாக இருந்து, குருத்து துளிர்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென இறங்கும் மைனஸ் 6, பருவத்தின் நடுவில் வரும் மைனஸ் 9-ஐவிடக் கெடுதல் செய்யும்.

இரண்டு விதக் குளிர்

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலமும் ஓலையும் தம் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடும். விசிறிபோல விரிந்த ஓலை, பக்கத்துக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிரும். ஆள் உயரத்தில் மாட்டிய வெப்பமானி 1 டிகிரி காட்டும்போதே ஓலையில் வெண்பனி படிந்திருப்பது இப்படித்தான். இந்த வகைக் குளிருக்குத் தலைக்கு மேல் ஒரு மரக்கிளையோ தாழ்வாரமோ இருந்தாலே பெரிய காப்பு. வானத்தைப் பார்க்காத ஓலை வெப்பத்தை அவ்வளவாக இழப்பதில்லை. குளிர்காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஒரே தோட்டத்தில் மேட்டில் நட்ட கன்று தப்பி, இருபது அடி தள்ளித் தாழ்வில் நட்டது கருகுவதற்கு இதுவே காரணம். அடைத்த மதில்கூடக் குளிர்காற்றை அணைபோல் தேக்கிவிடும். அடியில் வழி விட்டால் வடிந்து போகும்.

மற்றது, எங்கிருந்தோ கிளம்பி வரும் குளிர்காற்றுப் படலம். காற்றோடு வரும், பகலிலும் விடாது, இரண்டு மூன்று நாள் நிற்கும். இதில் மரநிழல் உதவாது, மெல்லிய துணி உதவாது. தண்டின் உள்வரை குளிர் இறங்க நேரம் கிடைக்கிறது. மைனஸ் 8 வரை இரவில் இறங்கி, பகலில் 6 டிகிரிக்கு ஏறிவிட்டால் பருத்த தண்டின் நடுப்பகுதி உறையவே உறையாது. மைனஸ் 5-லேயே அறுபது மணி நேரம் நின்றால் உறையும். தண்டின் பருமன் இதில் நேரடியாகக் கணக்கில் வருகிறது: முழங்கைத் தடிமன் உள்ள கன்றுக்கும் இரண்டடிக் குறுக்களவு உள்ள மரத்துக்கும் ஒரே எண்ணைப் பொருத்துவது சரியாகாது.

அமெரிக்க வேளாண் துறையின் தாங்குதிறன் மண்டல வரைபடத்தை உலகமெங்கும் எடுத்தாள்கிறார்கள். 2023-இல் வந்த புதிய பதிப்பு 1991 முதல் 2020 வரையான பதிவுகளை வைத்துச் செய்தது. மண்டலம் 8பி என்றால் மைனஸ் 9.4 முதல் மைனஸ் 6.7 வரை. ஆனால் அது ஒவ்வோர் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பத்தையும் கூட்டி எடுத்த சராசரி. சராசரி என்றாலே ஏறக்குறைய பாதி ஆண்டுகள் அதற்குக் கீழே போயிருக்கும். முப்பது ஆண்டில் ஒருமுறை வந்த மைனஸ் 15 அதில் தெரியாது. எத்தனை மணி நேரம் நின்றது என்பதும் தெரியாது. ஐம்பது ஆண்டு வாழக்கூடிய மரத்தை நடுபவர் பார்க்க வேண்டியது தம் பகுதியில் பதிவான மிக மோசமான குளிரை.

இனவாரியாக

கீழே தரும் எண்கள் நன்றாக வேர்பிடித்த வளர்ந்த மரத்துக்கு, ஓரிரவுக் குளிருக்கு, ஈரம் தேங்காத மண்ணுக்கு. தொட்டிச்செடியும் புதுக்கன்றும் ஐந்து டிகிரி குறைவாகவே தாங்கும்: மைனஸ் 10 என்றிருந்தால் மைனஸ் 5 என்று கொள்ளவும்.

உறைபனியில் எல்லாவற்றுக்கும் மூத்தது ஊசிப்பனை, ராபிடோஃபில்லம் ஹிஸ்ட்ரிக்ஸ். அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளைச் சேர்ந்தது. மைனஸ் 20-ஐ ஒட்டிய குளிரிலும் பிழைத்த செடிகள் உண்டு. ஆள் உயரத்துக்குமேல் அதிகம் போகாது, புதராக நிற்கும். மட்டையடியில் கறுத்த நீள ஊசிகள் குருத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கும். தடித்த கையுறை இல்லாமல் கொண்டைக்குள் கைவிட முடியாது. குறை என்னவென்றால் வளர்ச்சி மகா மந்தம், கோடையில் நல்ல சூடும் வேண்டும். அதற்கு அடுத்தது சபால் மைனர். இதன் தண்டு மண்ணுக்குள்ளேயே புதைந்திருக்கும், குருத்துக்கு மண்ணே போர்வை. மைனஸ் 15 முதல் 18 வரை ஓலை போனாலும் குருத்து மீளும். இரண்டுமே மரமாக நிமிர்ந்து நிற்காது என்பதால் வாங்குபவர்களுக்கு ஆசை வருவதில்லை. ஆனால் எந்தக் காப்பும் இல்லாமல் கடுங்குளிரில் விட்டுவிடக்கூடியவை என்று துணிந்து சொல்லத்தக்கவை இவை இரண்டுதான்.

நிமிர்ந்த தண்டோடு வேண்டுமென்றால் காற்றாடிப்பனை எனப்படும் ட்ராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி. சீனாவைச் சேர்ந்தது, ராபர்ட் ஃபார்ச்சூன் 1849-இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய கன்றுகளால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மைனஸ் 11 அளவில் ஓலை கருகத் தொடங்கும். மைனஸ் 15-ஐத் தாண்டினால் குருத்துக்கு ஆபத்து. மற்ற எதற்கும் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: கோடை மந்தமாக, மழையும் தூறலுமாக இருந்தாலும் ஓலை விட்டுக்கொண்டே இருக்கும். ஈரக்குளிர்ப் பகுதிகளில் இது இவ்வளவு பரவியதற்கு அதுவே காரணம். தண்டைச் சுற்றிய பன்னாடை நாரை அழகுக்காக உரித்துவிடும் பழக்கம் உண்டு. குளிர்ப்பகுதியில் அதைச் செய்யவேண்டாம். ஓலை பெரிதாக இருப்பதால் காற்றில் கிழியும். காற்றோட்டமான இடத்துக்கு சிறிய, விறைத்த ஓலை கொண்ட வாக்னேரியானஸ் வகை நல்லது. குளிர் தாங்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மத்தியதரைக் குட்டைப்பனை, கேமரோப்ஸ் ஹ்யூமிலிஸ், மைனஸ் 8 அல்லது 9-இல் ஓலையை இழக்கும், மைனஸ் 11 வரை உயிர் தாங்கும். பக்கக்கன்று விடுவதால் நடுத்தண்டு போனாலும் தூர் துளிர்க்கும். இறகோலைப் பனைகளில் ப்யூட்டியாவும் (மைனஸ் 10 முதல் 12) சிலி நாட்டு ஜுபியாவும் (ஏறக்குறைய அதே அளவு, பருத்த மரம் இன்னும் கொஞ்சம்) தலைசிறந்தவை. ஜுபியாவின் தண்டு ஒரு மீட்டருக்கு மேல் பருக்கும். அந்தப் பருமனே அதன் காப்பு. தண்டு தெரியவே பத்து, பதினைந்து ஆண்டு பொறுக்க வேண்டும். சபால் பால்மெட்டோவும் மைனஸ் 11 வரை வரும். ஆனால் பெயர்த்து நட்டதாக இருந்தால் இந்த எண் செல்லாது. வெட்டுப்பட்ட வேர்கள் அநேகமாக அத்தனையும் செத்து, தண்டின் அடியிலிருந்து புது வேர் வரவேண்டும். அதற்குள் குளிர் வந்தால் தண்டில் சேர்த்து வைத்ததை மட்டும் நம்பி மரம் நிற்கிறது.

வாஷிங்டோனியாவில்தான் அதிகம் ஏமாறுவார்கள். தண்டு பருத்த ஃபிலிஃபெரா காய்ந்த சூழலில் மைனஸ் 10 வரை போகும். ஒல்லியாக உயரமாக வளரும் ரொபஸ்டாவுக்கு மைனஸ் 5, 6-இலேயே ஓலை பழுக்கும், மைனஸ் 8-ஐ ஒட்டிச் சாவு. கன்றுப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டும் தாராளமாகக் கலக்கும், கலப்பினம் ஃபிலிஃபெரா என்ற அட்டையோடு விற்பனைக்கு வரும். மட்டையின் அடியில் செந்நிறம் ஓடியிருந்தால் ரொபஸ்டாவின் ரத்தம் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓலை இடுக்குகளில் வெள்ளை நூல் அதிகம் தொங்குவது ஃபிலிஃபெராவின் அடையாளம் என்பார்கள். இளங்கன்றில் ரொபஸ்டாவுக்கும் நூல் உண்டு, அதை நம்பவேண்டாம்.

ஈச்சை இனத்தில் கனேரி ஈச்சை மைனஸ் 6-இல் ஓலை கருகி, 9 அல்லது 10-இல் போகும். பேரீச்சையும் கிட்டத்தட்ட அப்படியே, காய்ந்த குளிராக இருக்கும்வரை. தூரில் பக்கக்கன்று இருந்தால் அது மீள வழி உண்டு. காட்டீச்சை தாங்குவது இவற்றைவிட இரண்டு டிகிரி குறைவு. வீட்டு முகப்புகளில் விரும்பி வைக்கும் குட்டி ஈச்சை ரோபெலெனி மைனஸ் 2-இலேயே ஓலையைப் பழுப்பாக்கிக்கொள்ளும். பெரிய அண்ணன்களைப் பார்த்து இதையும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நீலவெள்ளை ஓலையுள்ள பிராஹியா அர்மாட்டா (மைனஸ் 9), பாறைப்பகுதிப் புதரான நன்னொராப்ஸ் (மைனஸ் 12, காய்ந்திருந்தால் அதற்கும் கீழே) இரண்டும் குளிரைவிட ஈரத்துக்கு அஞ்சுபவை. லிவிஸ்டோனா சைனென்சிஸ் மைனஸ் 4-இல் ஓலை, மைனஸ் 7-இல் உயிர். ராணிப்பனை என்ற சயாக்ரஸும் அதே கணக்கு. பிஸ்மார்க்கியாவில் வெள்ளி நிற வகை மைனஸ் 3, 4 வரை ஓலையோடு நிற்கும். பச்சை வகை அதற்கு முன்பே தோற்கும். ராபிஸ் எக்செல்சா நிழலில் மைனஸ் 5 வரை நன்றாகவே இருக்கும்.

ராஜபனை, கூந்தற்பனை இனங்களுக்கு மைனஸ் 2 எல்லை. கமுகு, மணிலாப் பனை, தென்னை ஆகியவை உறைநிலையைத் தொட்டாலே அடிபடும். தென்னையின் கதை உறைபனியில் தொடங்குவதே இல்லை. வெப்பம் பல நாள் 10 டிகிரிக்குக் கீழே நின்றாலே ஓலையில் பழுப்புத் திட்டு விழும், குரும்பை கொட்டும், வேர் நீர் எடுப்பதை நிறுத்தும். உறைபனியே விழாத ஊரிலும் குளிர்காலம் நீண்டால் தென்னை மெல்ல நலிந்து சாவது இதனால். பனைமரத்து வடலிக்கு ஒரு சாதகம் உண்டு: முளை ஆழமாக இறங்கிக் குருத்தை நிலத்துக்கடியில் அமர்த்துவதால், சில ஆண்டுவரை வெளியே தெரியும் ஓலை கருகினாலும் உள்ளே உயிர் இருக்கும்.

டெக்சாஸ் 2021

எண்களை உரசிப் பார்க்க 2021 பிப்ரவரி நடுவில் டெக்சாஸில் வந்த குளிரைப்போல நல்ல சோதனை அண்மையில் வேறில்லை. சான் அன்டோனியோவில் மைனஸ் 13-ஐ ஒட்டி இறங்கியது. ஹூஸ்டனில் மைனஸ் 10-ஐத் தாண்டியது. காற்று, பனிமழை, உறைநிலைக்குக் கீழே நாட்கணக்கில் நின்ற குளிர் எல்லாம் சேர்ந்து வந்தன. தெருவெங்கும் நட்டிருந்த ரொபஸ்டாக்களும் ராணிப்பனைகளும் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கனேரி ஈச்சையும் பெரும் சேதம் கண்டது. ஃபிலிஃபெராவில் கலப்பில்லாதவை பல மீண்டன. அந்த மண்ணுக்கே உரிய சபால் மெக்சிகானா ஓலையைப் பறிகொடுத்தாலும் பெரும்பாலும் குருத்து விட்டு வந்தது. செத்தவை பல, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளாக ஒரு சேதமும் இல்லாமல் நின்றவை. இருபது நல்ல ஆண்டுகள் ஓர் இனத்தின் தாங்குதிறனுக்குச் சாட்சி ஆகாது என்பதை அது காட்டியது.

ஈரமும் கோடைச்சூடும்

ஈரமான குளிர் ஏன் கொல்கிறது? குருத்தின் நடுவில் உள்ள குவளை போன்ற பள்ளத்தில் மழைநீர் தேங்கி, இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைகிறது. ஒவ்வொரு முறையும் இளந்திசுவில் நுண்ணிய காயம். உருகிய ஈரத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுந்து குருத்தழுகல் தொடங்குகிறது. குளிர் நேராகக் கொன்ற பனைகளைவிட, குளிர் திறந்துவிட்ட வாசலில் நுழைந்த அழுகல் கொன்றவை அதிகமாக இருக்கலாம் என்பது தோட்டக்காரர்களின் அனுபவக் கணிப்பு. நமக்கும் அதில் சந்தேகம் இல்லை.

கோடைச்சூடு இன்னொரு பாதி. ஊசிப்பனையும் சபாலும் மைனஸ் 15-ஐத் தாங்கினாலும், கோடை 20 டிகிரியோடு நின்றுவிடும் இடத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஓலைதான் விடும். ஒரு குளிரில் ஐந்து ஓலை போனால் அதை ஈடுகட்டவே மூன்றாண்டு. அதற்குள் அடுத்த குளிர். இப்படிப் படிப்படியாகக் குன்றிச் சாகும். காற்றாடிப்பனைக்கோ அதே இடத்தில் ஒரே கோடையில் கொண்டை நிரம்பிவிடும். தாங்கும் எண் குறைவாக இருந்தும் அங்கே வெல்வது அதுதான்.

குளிருக்கு முன் செய்ய வேண்டியவை

நடவு வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ முடியவேண்டும். பெரும்பாலான பனைவேர்கள் மண் 18 டிகிரிக்குக் கீழே போனால் சோம்பிவிடும். இலையுதிர் காலத்தில் நட்ட கன்று குளிருக்குமுன் ஒரு வேர்கூட விடாது. இடம் தேர்ந்தால் நாள்முழுக்க வெயில் வாங்கும் சுவரை ஒட்டி, கூரைநீர் கொண்டையில் சொட்டாத தூரத்தில். செங்கல் சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடும். ஓரிரு டிகிரி ஆதாயம்.

சத்துக் குறைபாடுள்ள பனை குளிரில் முதலில் விழும். பனைகளுக்கு அதிகம் தேவை பொட்டாஷ். ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கலவை 8-2-12 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்), கூடவே 4 சதவீதம் மெக்னீசியம், எல்லாமே மெல்லக் கரையும் வடிவில். சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அது ஆண்டு முழுதும் வளரும் சூழலுக்கானது; குளிர்ப்பகுதியில் வசந்தமும் கோடையும் போதும். கோடை முடிவில் தழைச்சத்து மட்டும் கொடுப்பது குளிர் வரும் நேரத்தில் இளங்குருத்தை வெளியே இழுத்துவிடும்.

குளிர் அறிவிப்பு வந்ததும் மண்ணுக்கு ஒருநாள் முன்பே தண்ணீர் விடவும். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். கொண்டைக்கு மட்டும் சொட்டுக்கூட வேண்டாம். தூரைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்கு. தண்டை உரசாமல் நாலு விரல் இடைவெளி.

துணி போர்த்துவதில் எல்லாரும் செய்யும் பிழை, தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது. துணி தானாகச் சூடு தராது. மண்ணிலிருந்து எழும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கூடாரம்போலத் தரைவரை இறங்கி, ஓரத்தில் கல் வைத்து அடைத்தால் உறைபனித் துணி ஒன்று முதல் மூன்று டிகிரி தரும். இரண்டு அடுக்கு இன்னும் நல்லது. பிளாஸ்டிக் தாள் ஓலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும், உள்ளே வியர்க்கும், மறுநாள் வெயிலில் வெந்துபோகும். மழைக்காகப் பிளாஸ்டிக் வேண்டுமானால் துணிக்குமேல், இடைவெளி விட்டு.

மைனஸ் 8-க்குக் கீழே போகுமென்றால் சூடு கொடுத்தாக வேண்டும். பழைய இழைவிளக்குச் சரம் இதற்கு வசதி: 7 வாட் விளக்கு இருபத்தைந்து கொண்ட சரம் 175 வாட் தரும், கன்று உயரப் பனைக்கு அது போதும். எல்.இ.டி. சரத்தில் வெப்பம் இல்லை, வேலைக்கு ஆகாது. ஓலைகளை மேல்நோக்கிக் கூட்டித் தளர்வாகக் கட்டி, குருத்தின் அடியிலும் தண்டின் மேல்பகுதியிலும் சரத்தைச் சுற்றி, அதன்மேல் துணி. 2 டிகிரியில் தானே எரிந்து 7 டிகிரியில் அணையும் வெப்பக்கட்டுப்பாட்டுச் செருகியோடு இணைத்தால் இரவில் விழித்திருக்க வேண்டாம். மின்கசிவு துண்டிப்பான் கட்டாயம், இணைப்புகள் தரையில் படக்கூடாது. வைக்கோலும் காய்ந்த சருகும் திணித்த கூண்டுக்குள் இழைவிளக்கு வைப்பது தீயை விலைக்கு வாங்குவது. அங்கே தன்னைத்தானே கட்டுப்படுத்தும் சூடேற்றுக் கம்பிதான். உள்ளே ஒரு குறைந்தபட்ச-அதிகபட்ச வெப்பமானியைத் தொங்கவிட்டால் உங்கள் போர்வை உண்மையில் எத்தனை டிகிரி தருகிறது என்பது முதல் இரவே தெரிந்துவிடும்.

பகல் 5 டிகிரிக்கு மேல் ஏறும் நாட்களில் திறந்துவிடவும். வாரக்கணக்கில் மூடிக் கிடந்தால் குளிர் செய்யாததைப் பூஞ்சை செய்துவிடும். தண்ணீர் தெளித்துக் காக்கும் முறை எலுமிச்சைத் தோப்புகளுக்கு உரியது, பனைக்கு வேண்டாம். தெளிப்பு நடுவில் நின்றால் ஆவியாதலால் வெப்பம் இன்னும் இறங்கும், பனிக்கட்டியின் பாரத்தில் மட்டை முறியும்.

தொட்டிப்பனையின் வேர் ஓலையளவு குளிர் தாங்காது. தரையில் நட்டதற்கு மேலிருந்து மட்டும் குளிர்; தொட்டியைக் குளிர் எல்லாப் பக்கமும் சூழும். வெப்பம் ஊட்டாத, 2 முதல் 8 டிகிரியில் இருக்கும் கொட்டகையில் வைத்து, மண் காயும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.

குளிர் போனபின்

முதல் வேலை வெட்டாமல் இருப்பது. பாதி பழுத்த ஓலையின் பச்சைப்பாதி இன்னும் உணவு செய்கிறது. முழுக்கக் காய்ந்ததுகூட அடுத்த குளிருக்குக் குருத்தைப் போர்த்தி நிற்கும். உறைபனிக் காலம் தீர்ந்தபின் முற்றிலும் காய்ந்தவற்றை மட்டும் எடுக்கவும்.

பிறகு குருத்தோலையைச் சோதிக்கவும். விரியாமல் ஈட்டிபோல நிற்கும் நடுவோலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் உறுதியாக நிற்கவேண்டும். கையோடு வந்துவிட்டால் அதன் அடி பழுப்பாக, புளித்த நாற்றத்தோடு இருக்கும். மரம் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வளரும் முனை அதற்கும் கீழே இருக்கிறது. தேங்கிய நீரையும் கூழையும் துணியால் ஒற்றி எடுத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து பள்ளம் நனைய ஊற்றவும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதற்குமேல் வேண்டாம், தாமிரம் சேரச் சேர இளந்திசுவுக்கே நஞ்சு. மேலே மழை விழாமல் ஒரு தலைகீழ்த் தட்டையோ தகடையோ காற்றோட்டத்தோடு மாட்டிவிடவும். அழுகல் கீழே இறங்கிக்கொண்டே போனால் கூர்மையான, சுத்தம் செய்த கத்தியால் வெள்ளையான கெட்டித் திசு தெரியும்வரை மேல்பகுதியைச் சீவி எடுப்பது கடைசி முயற்சி. முனைக்கு மேலே சீவல் நின்றுவிட்டால் வெட்டுப்பட்ட கட்டையின் நடுவிலிருந்து பச்சைத் துண்டு எழும்பி வரும்.

இழுத்தும் குருத்தோலை கையோடு வராமல் உறுதியாக நின்றால், அதற்கும் பக்கத்து மட்டைக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரே கோடு போடவும். வெப்பம் ஏறத் தொடங்கியபின் இரண்டு மூன்று வாரத்தில் கோடு விலகினால் உயிர் இருக்கிறது, வளர்கிறது. ஊசிப்பனை, ஜுபியா போன்ற மந்த இனங்களுக்கு இரட்டிப்புப் பொறுமை தேவை.

முதலில் வரும் ஓலைகள் குட்டையாக, நுனி வெட்டியதுபோல, சுருங்கி, நடுவே பழுப்புப் பட்டையோடு வரும். குளிரின்போது அவை குருத்துக்குள் இருந்தவை. அங்கே பட்ட காயம் இப்போது வெளியே வருகிறது. நோய் என்று நினைத்து மருந்தடிக்கத் தேவையில்லை. குளிர்ந்த மண்ணில் வேர் மாங்கனீஸை எடுக்காததாலும் புது ஓலை சுருண்டு வெளிறும். மண் சூடானதும் அடுத்த ஓலை தானாகத் தேறும். தேறாவிட்டால் மாங்கனீஸ் சல்பேட் இடலாம்.

ஒற்றைத் தண்டுப் பனையைச் செத்ததென்று முடிவுகட்ட ஒரு முழுக் கோடை வேண்டும். சில மரங்கள் ஆடி ஓய்ந்தபின்தான் முதல் பச்சையைக் காட்டும். கேமரோப்ஸ், பேரீச்சை, ஊசிப்பனை போன்ற தூர்க்கட்டும் இனங்களில் நடுத்தண்டை அறுக்கும்போது தரையோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுக்கவும். பக்கக்கன்றுகளின் முனை அந்த ஒரு சாணுக்குள்தான் மட்டையடிகளில் ஒளிந்திருக்கும்.